பி.எஸ்சி. இயற்பியல் சேருமுன் போட வேண்டிய கணக்கு

நான்காம் பருவத்தில் மின்காந்தவியல் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. அடுத்த முறை எழுதியும் விழுந்தது. பாடம் மண்டையில் ஏறவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை படிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இயற்பியல் ஓரளவு புரிந்துதான் இருந்தது, கணக்குதான் தெரியவில்லை. கரும்பலகையில் தலைகீழ் முக்கோணம் ஒன்று விழும், அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ பெருக்கல் குறியோ விழும், வகுப்பு நகர்ந்துவிடும். அந்த முக்கோணத்துக்கு என்ன வேலை என்று எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லித்தர வேண்டிய கணிதத் துணைப்பாடம் அதே பருவத்தில்தான் வந்தது, அதிலும் கடைசி அலகில்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் சேர நினைப்பவர்களுக்காகவும், சேர்த்துவிடப் போகும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். சேர்க்கைக்கு வேண்டிய தகுதி வேறு, வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பின்தொடர வேண்டிய தகுதி வேறு. முதலாவதை எல்லோரும் விசாரிக்கிறார்கள். இரண்டாவதை விசாரித்தவர்கள் என் வகுப்பில் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட.

1. உங்கள் குரூப் என்ன?

பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று கணிதத்தோடு இயற்பியலும் படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. தாவரவியலும் விலங்கியலும் எடுத்த ப்யூர் சயின்ஸ் மாணவர்கள்தான் கவனிக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பல பல்கலைக்கழகங்களின் தகுதி விதி பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் கேட்கிறது. "சீட் காலியாத்தான் இருக்கு, சேர்ந்துக்கோப்பா" என்று யாராவது சொன்னால், அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் விதியை எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். இன்னொன்றும் உண்டு. பி.எஸ்சி. முடித்துப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர ஒரு வழி இருக்கிறது. அதற்கும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் வேண்டும்.

கணிதம் எடுத்தவர்களிலும் ஒரு ரகம் உண்டு. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தத் தொடங்கிவிடும் பள்ளிகளில் படித்தவர்கள். நான் அந்த ரகம். மதிப்பெண் பட்டியலில் கணிதத்துக்கு நல்ல எண் இருக்கும். ஆனால் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் முறையாகத் தொடங்குவது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில். அதைத் தாண்டிக் குதித்தவர்களுக்குக் கல்லூரியில் முதல் மாதமே கால் இடறும். உங்களுக்கு எப்படி என்று சோதிக்க எளிய வழி: x-ஐயும் sin x-ஐயும் பெருக்கி, அதைத் தொகையிட்டுப் பாருங்கள். புத்தகம் பார்க்காமல் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் சரி. வராவிட்டால் நான்காம் படியை இரண்டு முறை படியுங்கள்.

ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள், சென்னை கணிதவியல் கழகம் போன்ற இடங்களுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை தனி நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கின்றன. பொதுத்தேர்வு முடிவு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பின் ஜனவரியிலிருந்தே அறிவிப்புகளைப் பார்த்துவர வேண்டும்.

2. கல்லூரிப் பெயரைப் பார்க்குமுன் பாடத்திட்டத்தைப் பாருங்கள்

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியின் தளத்தில் இருக்கும். நூறு பக்கத்துக்கு மேல் ஓடும், பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்.

முதலாவது, பட்டத்தின் பெயர். வெறும் "பி.எஸ்சி. இயற்பியல்" என்று இருந்தால் நிம்மதி. முன்னும் பின்னும் ஏதாவது அடைமொழி ஒட்டியிருந்தால், அந்தப் பட்டம் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். இணைத்தன்மை அரசாணை என்பார்கள். மூன்று வருடம் கழித்து ஆசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுக்கோ சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது இந்த ஒரு தாள் இல்லாமல் தலையில் கைவைத்து நிற்பவர்கள் உண்டு.

இரண்டாவது, துணைப்பாடம் எந்தப் பருவத்தில் வருகிறது என்பது. இயற்பியலுக்குக் கணிதமும் வேதியியலும் வழக்கமான துணைப்பாடங்கள். சில கல்லூரிகளில் கணிதம் முதலாண்டு, வேதியியல் இரண்டாம் ஆண்டு. சில இடங்களில் தலைகீழ். கணிதம் முதலாண்டில் வரும் கல்லூரி கிடைத்தால், பத்துக் கிலோமீட்டர் அதிகம் பஸ்ஸில் போனாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

மூன்றாவது, மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், வெப்ப இயக்கவியல் ஆகிய மூன்று தாள்களும் எந்தெந்தப் பருவத்தில் வருகின்றன என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அது வேண்டும்.

3. விண்ணப்பம், சான்றிதழ், செலவு

அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து டிஎன்காசா என்ற ஒரே இணையதளத்தில்தான் விண்ணப்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதையொட்டி மே முதல் பாதியில் திறக்கும், சுமார் மூன்று வாரம் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். வீட்டில் இணையம் இல்லாவிட்டால் அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் உதவி மையத்துக்குப் போங்கள். பிரவுசிங் சென்டரில் கூட்டத்துக்கு நடுவே அவசரமாகப் போட்டுப் பிறந்த தேதியைத் தப்பாக ஏற்றிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு உதவி பெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் அவரவர் தளத்தில் தனியாக விண்ணப்பம் வாங்குவார்கள்.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்பதில் பலருக்குக் குழப்பம். இயற்பியலுக்கு 600-ஐப் பார்க்க மாட்டார்கள். மொழிப்பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி நான்கு பாடங்களின் 400-க்குத்தான் ரேங்க். தமிழில் 98 வாங்கியது இங்கே உதவாது. அதேபோல் ஆங்கிலத்தில் சறுக்கியவர்கள் கவலைப்படவும் வேண்டாம்.

கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே நேரில் நடக்கும். விளையாட்டு, மாற்றுத் திறனாளி, முன்னாள் படைவீரர் வாரிசு போன்ற சிறப்புப் பிரிவு முதலில், பொதுப் பிரிவு பிறகு. உங்கள் ரேங்குக்கு எந்தத் தேதி என்று கல்லூரியின் தளத்தையும் நோட்டீஸ் போர்டையும் பாருங்கள். குறுஞ்செய்தி வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த நாளைத் தவறவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை: 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் (11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவர்களுக்கு அதுவும்), மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். உதவித்தொகை வாங்குபவர்களுக்கு வருமானச் சான்றிதழும் வேண்டும். வருவாய்த் துறைச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அண்ணனுக்கு வாங்கியது இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். மே மாதம் எல்லோரும் மொய்ப்பார்கள் என்பதால் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழை ஒப்படைக்குமுன் எல்லாவற்றையும் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்து, போனில் ஸ்கேனும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் உள்ளே போய்விட்டால் அப்புறம் ஒவ்வொரு முறையும் அலுவலக வாசலில் நிற்க வேண்டும்.

அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். தனியாரில் அதுபோல் பல மடங்கு, கல்லூரிக்குக் கல்லூரி வேறு. கட்டணத்தைத் தவிர பஸ், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் என்று கை நீளும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பணம் வருவது ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு. என் கணக்கில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முழுதாக. இந்த மூன்றையும் ஒன்றாக்க எனக்கு ஒரு பருவமே ஆனது. சேருமுன்பே சரிசெய்துவிடுங்கள்.

4. வகுப்பு தொடங்குமுன் எட்டு வாரம்

மே முதல் வாரத்திலிருந்து ஜூன் கடைசி வரை எப்படியும் ஏழெட்டு வாரம் கிடைக்கும். கலந்தாய்வுக்கு அலையும் நாட்களைக் கழித்தாலும் தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். புதுப் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் போதும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் மூன்று வாரம் பதினொன்றாம் வகுப்பின் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும். எடுத்துக்காட்டுகளைப் படிப்பதோடு நிற்காமல், பயிற்சிக் கணக்குகளைக் கையால் போட வேண்டும். அடுத்த மூன்று வாரம் பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் தொகுதி: பகுதி வகைக்கெழுக்கள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். தேர்வுக்குப் படித்தபோது ஒரு மதிப்பெண் கேள்வியோடு கைகழுவிய பகுதி இருக்குமே, அதுதான் இங்கே சோறு போடும். மீதி நாட்களில் கலப்பெண், அணிகள், வெக்டர் இயற்கணிதம்.

தமிழ்வழியில் படித்தவர்கள் இதோடு ஒரு நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமன்ட் ஆஃப் இனர்ஷியா, முறுக்கம் என்றால் டார்ஷன். முதல் பருவத்தில் எனக்குப் பாதி வகுப்பு இந்தப் பெயர் மாற்றத்திலேயே போனது. தெரிந்த பாடத்தைத் தெரியாத பாடம் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

5. எந்தத் தாளுக்கு எந்தக் கணக்கு

இதைப் பாடத்திட்டத்தில் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பருப்பொருள் பண்புகள், ஒலியியல், பொது இயக்கவியல் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன தொகையிடலும் எளிய வகைக்கெழுச் சமன்பாடுகளும் போதும். முறுக்கு ஊசல், ஸ்பிரிங், இசைக்கவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப ஒரே சமன்பாடுதான் வரும். முடுக்கம், இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் எதிர்த்திசையிலும் இருக்கும். அதை ஒருமுறை ஒழுங்காகத் தீர்த்துப் பழகிவிட்டால் நாலைந்து பாடம் ஒரே வீச்சில் அடங்கும்.

வெப்ப இயக்கவியலுக்குப் பகுதி வகைக்கெழு. பருமனை மாறிலியாக வைத்து வெப்பநிலையைப் பொறுத்து வகையிடுவது ஒன்று, அழுத்தத்தை மாறிலியாக வைத்து வகையிடுவது இன்னொன்று. அடைப்புக்குறிக்கு வெளியே காலடியில் எழுதும் அந்தச் சின்ன எழுத்துதான் முழுப் பாடமும். அதைக் கவனிக்காமல் மேக்ஸ்வெல் தொடர்புகளை மனப்பாடம் செய்தால் தேர்வறையில் நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மின்காந்தவியல்தான் என்னைக் கவிழ்த்தது. பன்னிரண்டாம் வகுப்பில் காஸ் விதியைப் படித்திருப்பீர்கள்: மூடிய பரப்பின் வழியாகச் செல்லும் மின்பாயம், உள்ளே இருக்கும் மின்னூட்டத்தை எப்சிலான் நாட்டால் வகுத்ததற்குச் சமம். கோளம், உருளை, தகடு என்று மூன்று சமச்சீர் வடிவங்களுக்குப் போட்டு முடித்துவிடுவோம். கல்லூரியில் அதே விதி ஒரு புள்ளியில் நிற்கும். அந்தத் தலைகீழ் முக்கோணத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து, மின்புலத்தின் டைவர்ஜென்ஸ் என்று எழுதுவார்கள். ஒரு சின்னஞ்சிறு பெட்டியிலிருந்து நிகரமாக எவ்வளவு வெளியேறுகிறது, அதை அந்தப் பெட்டியின் கனஅளவால் வகுத்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் டைவர்ஜென்ஸ். பழைய விதியேதான், பெட்டியைச் சுருக்கிவிட்டார்கள். இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு தேர்வுக் கட்டணம் மிச்சமாகியிருக்கும். கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல், காஸ் தேற்றம், ஸ்டோக்ஸ் தேற்றம் இந்த ஐந்தையும் அந்தத் தாள் வருவதற்கு முந்தைய விடுமுறையில் படித்துவிடுங்கள். துணைப்பாடம் சொல்லித்தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

குவாண்டம் இயக்கவியலுக்குக் கலப்பெண், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, கொஞ்சம் நிகழ்தகவு. பெட்டிக்குள் அடைபட்ட துகள் கணக்கைப் பார்த்தால் முதல் பருவத்து ஊசல் சமன்பாடு வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸுக்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம், மதிப்பெண் எடுக்க நல்ல தாள்.

துணைப்பாட வேதியியலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ் செய்துவிடுங்கள்.

6. லேப்

செய்முறையில் மதிப்பெண் போவது இயற்பியலால் அல்ல, கவனக்குறைவால். எங்கே போகிறது என்று சொல்கிறேன்.

சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மரச் சட்டத்தின் தடிமன், வாய்பாட்டில் மும்மடியாக வருகிறது. தடிமன் 6 மில்லிமீட்டர், திருகு அளவியின் சுழிப்பிழை 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதைத் திருத்த மறந்தால் தடிமனில் ஒன்றரைச் சதவீதத்துக்கு மேல் பிழை, விடையில் அது மூன்று மடங்காகி 5 சதவீதம். எடைகளை ஏற்றி இறக்கி அரை மணி நேரம் டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் கண்ணைச் சுருக்கியதெல்லாம் வீண். அதனால் தடிமனை ஐந்தாறு இடங்களில் அளந்து, சுழிப்பிழையை முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். வரிசை மாறாமல் செய்தால் பயமில்லை. முதலில் கண்ணருகு வில்லையில் குறுக்குக் கம்பி தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு டெலஸ்கோப்பை ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தைப் பார்த்துக் குவிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒளி நுழையும் பிளவு, கடைசியில் ரசமட்டம் வைத்து முப்பட்டக மேடை. எண்களில் இரண்டு பொறிகள் உண்டு. 60 கலை ஒரு பாகை என்பதால் 38 பாகை 30 கலை என்பது 38.5, கால்குலேட்டரில் 38.30 என்று அடிக்காதீர்கள். வெர்னியர் 360-ஐத் தாண்டினால் 360 கூட்டிக் கழிக்க வேண்டும். 355 பாகையிலிருந்து 35 பாகைக்கு வந்தால் வித்தியாசம் 40, 320 அல்ல. முப்பட்டகக் கோணம் 60, சிறும திசைமாற்றம் 38.5 என்று வந்தால் ஒளிவிலகல் எண் 1.515 வர வேண்டும். எனக்குப் பருவத் தேர்வில் எதிர்க்குறியில் ஒரு விடை வந்தது. வியர்த்து ஊற்றி, மூன்று முறை கணக்குப் போட்டு, கடைசியில் பார்த்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருந்தது.

ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் கையெழுத்துக்கு வரிசையில் நிற்பது கல்லூரிக் கலாச்சாரம் என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

7. இன்டர்னல், வருகை, அரியர்

பல பல்கலைக்கழகங்களில் உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. மொத்தத்தில் 40 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் பருவத் தேர்வில் மட்டும் தனியாக 75-க்கு 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 25-க்கு 22 இருக்கிறது, 18 போதும் என்று கணக்குப் போட்டுக் கவிழ்ந்தவர்கள் பக்கத்து பெஞ்சிலேயே இருந்தார்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுத விடுவார்கள், ரொம்பக் குறைந்தால் அந்தப் பருவமே போகும். பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் லேப் இருக்கும் நாளை மட்டும் விடாதீர்கள். விட்ட சோதனையைத் தனியாகச் செய்ய ஆய்வகம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அரியர் விழுந்தால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். மறுமதிப்பீட்டுக்கு நாள் குறைவாகத்தான் தருவார்கள், முடிவு வந்த அன்றே சுற்றறிக்கையைத் தேடுங்கள்.

8. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே

மேற்படிப்புக்கு ஐ.ஐ.டி. நினைப்பு இருந்தால் அதற்கான நுழைவுத் தேர்வான ஜாம் பிப்ரவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், ஆங்கிலத்தில் மட்டும். அறிவிப்பேட்டில் ஒவ்வொரு நிறுவனமும் கேட்கும் தகுதிப் பட்டியலை வாசியுங்கள். பட்டப்படிப்பில் கணிதம் எத்தனை பருவம் படித்திருக்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும். உங்கள் துணைப்பாடப் பருவங்களை எண்ணி, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் கல்லூரியை விட்டுக் கிளம்புமுன் தமிழ்வழிச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். மாநில அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளிப் படிப்புக்கும் தனியாக வாங்க வேண்டும், அதனால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஜாம் விண்ணப்பத்தில் நம் மாநிலச் சாதிச் சான்றிதழை ஏற்றினால் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். நான் செப்டம்பர் கடைசியில் விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து அது கைக்கு வந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. பொதுப் பிரிவில்தான் விண்ணப்பம் போட முடிந்தது. ஆகஸ்டு முதல் வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.